சங்க இணையதளத்திற்குப் பாதுகாப்பான லாகின்: பிஎச்பி-யில் முழுமையான வழிகாட்டி

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரேபேங்க் போன்ற பகுதிகளில் ஒரு தமிழ்ச் சங்கமோ கோயில் நிர்வாகமோ மாலை நேரத் தமிழ் வகுப்போ தனக்கென ஓர் இணையதளம் வேண்டும் என்று முடிவுசெய்தால், அந்த வேலை பெரும்பாலும் கணினி தெரிந்த ஓர் இளைஞரிடம் வந்து சேர்கிறது. நிகழ்ச்சி அறிவிப்பும் படங்களும் மட்டும் இருக்கும் வரை கவலையில்லை. உறுப்பினர்கள் சந்தா விவரத்தைப் பார்க்க வேண்டும், பெற்றோர் தம் பிள்ளையின் வருகைப் பதிவைப் பார்க்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கும்போதுதான் லாகின் தேவைப்படுகிறது. அதோடு பொறுப்பும் கூடுகிறது.

"நம்முடையது சின்னச் சங்கம், இதை யார் உடைக்கப் போகிறார்கள்?" என்ற கேள்வி கமிட்டிக் கூட்டத்தில் கட்டாயம் எழும். இதற்கு நேர்மையான பதில் ஒன்றுதான். தாக்குதல் நடத்தும் தானியங்கி நிரல்கள் பெரியது சிறியது என்று பார்ப்பதில்லை. திறந்திருக்கும் எல்லா லாகின் பக்கங்களையும் தட்டிப் பார்க்கின்றன. அதைவிட முக்கியமாக, உங்கள் தளத்தில் ஒருவர் தரும் கடவுச்சொல் பல நேரங்களில் அவருடைய மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல்லாகவே இருக்கும். உங்கள் தரவுத்தளம் கசிந்தால், இழப்பு சந்தாப் பட்டியலோடு நிற்பதில்லை. அந்த மனிதருடைய மின்னஞ்சலும், அதன் வழியே அவருடைய மற்றக் கணக்குகளும் ஆபத்துக்கு உள்ளாகின்றன. ஆகவே லாகின் எழுதுகிறவர் காப்பது தன் தளத்தை மட்டுமல்ல.

தென்னாப்பிரிக்கச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2013-இல் நிறைவேறிய தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின், அதாவது போபியாவின், முக்கியப் பிரிவுகள் 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தன. அதற்கு இணங்கி நடக்கத் தரப்பட்ட ஓராண்டு அவகாசமும் முடிந்துவிட்டது. அதன் 19-ஆம் பிரிவு, தகவலை வைத்திருப்பவர் நியாயமான தொழில்நுட்பப் பாதுகாப்பைச் செய்திருக்க வேண்டும் என்கிறது. 22-ஆம் பிரிவு, தகவல் கசிந்ததாகக் கருதக் காரணம் இருந்தால் தகவல் ஒழுங்குமுறை அமைப்புக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. குழந்தைகளின் தகவலுக்கு இந்தச் சட்டத்தில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், வகுப்பு நடத்துகிறவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி பிஎச்பி-யும் மைஎஸ்கியூஎல்-உம் தெரிந்தவர்களுக்கானது. சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கில் இவை இரண்டும் கிடைக்கும் என்பதால் இவற்றைத் தேர்ந்தேன். பைத்தானிலோ நோடிலோ எழுதுகிறவர்களுக்கும் செயற்கூறுகளின் பெயர்தான் மாறும். செய்ய வேண்டியவை மாறா.

முதல் படி: லாகின் பெயராக எதை வைப்பது

குடும்பப் பெயரை லாகின் பெயராக வைக்க வேண்டாம். நம்மிடையே நாயுடு, பிள்ளை, மூட்லி, கோவெண்டர் என்ற பெயர்களில் ஒவ்வொரு சங்கத்திலும் பலர் இருப்பார்கள். அடையாள எண்ணும் கூடாது. தென்னாப்பிரிக்க அடையாள எண்ணின் 13 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த தேதி. அதை லாகின் பெயராக்கினால் தேவையே இல்லாமல் ஒரு முக்கியமான தகவலைச் சேமித்து, அதைத் தினமும் தட்டச்சு செய்யவும் வைக்கிறீர்கள். மின்னஞ்சல் முகவரியே பொருத்தமானது. அதைச் சிறிய எழுத்துகளாக மாற்றி, முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்கிச் சேமியுங்கள். தேடும்போதும் அதே மாற்றத்தைச் செய்யுங்கள்.

மின்னஞ்சல் இல்லாத மூத்தவர்களுக்காகக் கைப்பேசி எண்ணை ஏற்பதானால், சுழியத்தில் தொடங்கும் எண்ணும் +27-இல் தொடங்கும் எண்ணும் ஒன்றே என்பதை நிரலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் +27 வடிவத்துக்கு மாற்றிச் சேமிப்பது எளிது.

பயனர் அட்டவணையில் எண், மின்னஞ்சல், கடவுச்சொல்லின் ஹேஷ் (திரும்பக் கடவுச்சொல்லாக மாற்ற முடியாதபடி கணக்கிட்ட எழுத்துத் தொடர்), பொறுப்பு, கணக்கின் நிலை, உருவாக்கிய நேரம் ஆகியவை போதும். ஹேஷ் நெடுவரிசைக்கு 255 எழுத்து இடம் ஒதுக்குங்கள். பிகிரிப்ட் முறையின் ஹேஷ் 60 எழுத்துதான் என்றாலும், நாளை வேறு முறைக்கு மாறும்போது இடம் போதாமல் ஹேஷின் வால் வெட்டுப்பட்டால், அதன் பிறகு யாராலும் உள்ளே வர முடியாது. ஒரே மின்னஞ்சல் இருமுறை பதிவாகாதபடி யூனிக் கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே போடுங்கள்.

இரண்டாம் படி: கடவுச்சொல்லை ஏற்பதும் சேமிப்பதும்

கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதும், எம்டி5 அல்லது எஸ்எச்ஏ1 செய்து சேமிப்பதும் இன்று ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசம் இல்லாதவை. எம்டி5-உம் எஸ்எச்ஏ1-உம் வேகமாகக் கணக்கிடப்படும்படி வடிவமைக்கப்பட்டவை. திருடிய பட்டியலை வைத்துக்கொண்டு ஊகித்துப் பார்ப்பவருக்கு அந்த வேகமே உதவி. கடவுச்சொல்லுக்கு வேண்டியது வேண்டுமென்றே மெதுவாக ஓடும் ஹேஷ். நீல்ஸ் ப்ரோவோஸும் டேவிட் மசியேரும் 1999-இல் வெளியிட்ட பிகிரிப்ட் அப்படிப்பட்டது. 2015-இல் கடவுச்சொல் ஹேஷ் போட்டியில் வென்ற ஆர்கான்2 நினைவகத்தையும் அதிகம் கேட்பதால் இன்னும் உறுதியானது.

பிஎச்பி-யில் 2013-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்தே பாஸ்வேர்ட்_ஹேஷ் என்ற செயற்கூறு இருக்கிறது. ஒவ்வொரு கடவுச்சொல்லுக்கும் தனி உப்பை, அதாவது கடவுச்சொல்லோடு கலக்கும் ஊகிக்க முடியாத சிறு தொடரை, அதுவே உருவாக்கி, ஹேஷுக்குள்ளேயே வைத்துவிடுகிறது. உப்புக்கென்று தனி நெடுவரிசை உருவாக்குவதும், சொந்தமாக ஒரு கலவை முறையைக் கண்டுபிடிப்பதும் வேண்டாத வேலை. உங்கள் ஹோஸ்டிங்கில் ஆர்கான்2-இன் ஒரு வகையான ஆர்கான்2ஐடி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்; 7.3 பதிப்பு முதல் அது ஆதரிக்கப்படுகிறது, ஆனால் எல்லா நிறுவல்களிலும் சேர்க்கப்பட்டிருப்பதில்லை. இல்லையென்றால் பிகிரிப்டில் ஹேஷ் எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்று சொல்லும் செலவு எண்ணை 12 என்று கொடுங்கள். 8.4 பதிப்பில் அதுவே இயல்பு மதிப்பு. அதற்கு முன் 10 ஆக இருந்தது.

தமிழில் கடவுச்சொல் தட்டச்சு செய்பவர்கள் நம் தளங்களுக்கு வருவார்கள். ஆங்கில வழிகாட்டிகளில் இதைப் பற்றி அநேகமாக எதுவும் இராது என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு அது மூன்றெழுத்து. யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் என்பதால், மொத்தம் 15 பைட். நீளம் அளக்கும் பிஎச்பி செயற்கூறுகளில் எஸ்டிஆர்லென் 15 என்று சொல்லும், எம்பி_எஸ்டிஆர்லென் 5 என்று சொல்லும், கிராஃபீம்_எஸ்டிஆர்லென் 3 என்று சொல்லும். 'குறைந்தது 12' என்ற விதியை எஸ்டிஆர்லென் கொண்டு எழுதியிருந்தால், 'தமிழ்' என்ற ஒரே சொல் அந்தச் சோதனையில் தேறிவிடும். நீளத்தை எம்பி_எஸ்டிஆர்லென் கொண்டு அளவிடுங்கள்.

அடுத்தது உச்ச வரம்பு. பிகிரிப்ட் முதல் 72 பைட்டை மட்டுமே பார்க்கும். அதற்கு மேல் வருவதைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். ஆங்கிலத்தில் 72 எழுத்துக் கடவுச்சொல் வைப்பவர் அரிது. தமிழில் 24 குறியீடுகளிலேயே அந்த எல்லை வந்துவிடுகிறது. முதல் குறளின் முதல் அடியான 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி' என்பதை இடைவெளிகளோடு எண்ணிப் பாருங்கள்: 23 தமிழ்க் குறியீடுகள் 69 பைட், மூன்று இடைவெளிகள் 3 பைட், மொத்தம் சரியாக 72. ஒருவர் முழுக் குறளையும் கடவுச்சொல்லாக வைத்து, அதன் பின் தன் சொந்தச் சொற்கள் நான்கைச் சேர்த்திருந்தாலும், முதல் அடியை மட்டும் தட்டச்சு செய்கிற எவரையும் சர்வர் உள்ளே விட்டுவிடும். ஆர்கான்2ஐடி-க்கு இந்த வரம்பு இல்லை. பிகிரிப்டையே பயன்படுத்த வேண்டியிருந்தால், பதிவுசெய்யும்போதே எஸ்டிஆர்லென் கொண்டு பைட்டை எண்ணி, 72-ஐத் தாண்டினால் தெளிவான செய்தியோடு மறுத்துவிடுங்கள். பயனருக்குத் தெரியாமல் வெட்டுவதைவிட அது நேர்மையானது.

மூன்றாவது சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. 'கொ' என்ற எழுத்தை க-வோடு ஒகரக் குறி என்ற ஒரே குறியீட்டைச் சேர்த்தும் எழுதலாம். க-வோடு எகரக் குறி, கால் என்ற இரண்டைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே; பைட்டில் வெவ்வேறு. கைப்பேசி விசைப்பலகை ஒருவகையாகவும் வீட்டுக் கணினி வேறுவகையாகவும் அனுப்பினால், சரியான கடவுச்சொல்லே தவறு என்று வரும். பயனர் எவ்வளவு முயன்றாலும் காரணம் புரியாது. ஆகவே ஹேஷ் செய்யும் முன்பும் சரிபார்க்கும் முன்பும் இன்டில் நீட்சியில் உள்ள நார்மலைசர் மூலம், இத்தகைய இரு வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்ரீ மட்டும் இதற்கும் கட்டுப்படாது: ஸ-வில் தொடங்கும் ஸ்ரீயும் ஶ-வில் தொடங்கும் ஶ்ரீயும் யூனிகோடைப் பொறுத்தவரை வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். ஒரு வடிவத்தைத் தேர்ந்து மற்றதை அதற்கு மாற்றும் ஒரு வரியை நீங்களே எழுத வேண்டும்.

கடவுச்சொல் விதிகளைப் பொறுத்தவரை, நீளத்தைக் கேளுங்கள். பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கட்டாயம் என்று வற்புறுத்தாதீர்கள். 2017-இல் அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி வெளியிட்ட வழிகாட்டுதலே அத்தகைய கலவை விதிகளையும், காலாவதி வைத்து மாற்றச் சொல்வதையும் கைவிடச் சொன்னது. 12 குறியீடுகளுக்குக் குறையாமல் கேட்டு, ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களை மறுப்பது போதும். 'ஹேவ் ஐ பீன் போன்ட்' சேவையில் எஸ்எச்ஏ1 ஹேஷின் முதல் ஐந்து எழுத்தை மட்டும் அனுப்பிச் சரிபார்க்கலாம்; கடவுச்சொல் உங்கள் சர்வரை விட்டு வெளியே போகாது.

மூன்றாம் படி: சரிபார்த்தல்

லாகின் படிவம் எச்டிடிபிஎஸ் வழியே மட்டும், போஸ்ட் முறையில் மட்டும் வர வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் இதற்கு விதிவிலக்கு தேவையில்லை.

மின்னஞ்சலைக் கொண்டு பயனரைத் தேடும் வினவலில் மதிப்பை ஒட்டி எழுதாமல், பிஎச்பி-யின் தரவுத்தள இடைமுகமான பிடிஓ-வின் பிரிப்பேர் முறையில் தனியே கொடுங்கள். படிவத்தின் வழியே வினவலுக்குள் கட்டளையைப் புகுத்தும் எஸ்கியூஎல் இன்ஜெக்ஷனுக்கு இதுவே மருந்து. மேற்கோள் குறிகளைக் கையால் நீக்கும் பழைய பழக்கம் மருந்தல்ல. கடவுச்சொல்லை வினவலுக்குள் கொண்டுபோகவே வேண்டாம். ஹேஷை எடுத்து வந்து பாஸ்வேர்ட்_வெரிஃபை மூலம் பிஎச்பி-யிலேயே ஒப்பிடுங்கள்.

தோல்வியடைந்தால் 'மின்னஞ்சலோ கடவுச்சொல்லோ சரியில்லை' என்ற ஒரே செய்தியைத்தான் காட்ட வேண்டும். 'இப்படி ஒரு பயனர் இல்லை' என்று சொன்னால், இன்னார் இந்தக் கோயிலின் உறுப்பினரா என்பதை வெளியாள் ஒவ்வொரு முகவரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வார். செய்தி ஒன்றாக இருந்தாலும் நேரம் காட்டிக்கொடுக்கும்: பயனர் இல்லாதபோது பதில் உடனே வருகிறது, இருக்கும்போது ஹேஷ் கணக்கிட்டுத் தாமதமாக வருகிறது. முன்பே தயாரித்த ஒரு போலி ஹேஷை வைத்துக்கொண்டு, பயனர் இல்லாதபோதும் அதனோடு ஒப்பிட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

சரிபார்ப்பு வெற்றி பெற்றதும் பாஸ்வேர்ட்_நீட்ஸ்_ரீஹேஷ் கொண்டு பழைய ஹேஷா என்று பார்த்து, அப்படியானால் அங்கேயே புதுப்பித்துவிடுங்கள். பயனரின் கடவுச்சொல் கையில் இருக்கும் ஒரே தருணம் அதுதான்.

நான்காம் படி: செஷன்

கடவுச்சொல்லில் இவ்வளவு அக்கறை காட்டும் பலர் செஷனில், அதாவது லாகின் செய்தவரை சர்வர் நினைவில் வைத்திருக்கும் ஏற்பாட்டில், கோட்டை விடுகிறார்கள். லாகின் முடிந்த பிறகு சர்வருக்கு உங்களை அடையாளம் காட்டுவது குக்கீயில் உள்ள செஷன் எண் மட்டுமே; அதைப் பெற்றவருக்குக் கடவுச்சொல் தேவையே இல்லை.

முதல் வேலை, லாகின் வெற்றி பெற்ற உடனே செஷன்_ரீஜெனரேட்_ஐடி-யை ட்ரூ மதிப்போடு அழைத்து எண்ணை மாற்றுவது. இதைச் செய்யாவிட்டால், தாக்குபவர் தனக்குத் தெரிந்த ஒரு செஷன் எண்ணைப் பயனரின் பிரவுசரில் முன்கூட்டியே வைத்துவிட்டு, அவர் உள்ளே நுழைந்ததும் அதே எண்ணோடு தானும் நுழையலாம். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் எண்ணை மாற்றாதீர்கள். கைப்பேசி இணைப்பு நடுவில் அறுந்தால் புது எண் பிரவுசரைச் சென்றடையாமல், பழைய எண்ணும் அழிந்து, பயனர் காரணமின்றி வெளியேற்றப்படுவார். மின்வெட்டு நேரத்தில் டவர் தடுமாறும் நம் ஊரில் இது நடக்கக்கூடியது. நுழையும்போதும், பொறுப்பு மாறும்போதும் மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டாவது, குக்கீயின் அமைப்பு. ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி எச்டிடிபிஒன்லி, எச்டிடிபிஎஸ்-இல் மட்டும் செல்லும்படி செக்யூர், வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு போகாதபடி சேம்சைட் ஆகிய மூன்றையும் செஷன்_செட்_குக்கீ_பாரம்ஸ் மூலம் வையுங்கள். சேம்சைட்டுக்கு ஸ்ட்ரிக்ட் என்பதைவிட லாக்ஸ் என்பதையே பரிந்துரைக்கிறேன். நம் சங்கச் செய்திகள் வாட்ஸ்அப் குழுவில்தான் போகின்றன. வெளியிலிருந்து இணைப்பைத் தொட்டு வருபவருக்கு ஸ்ட்ரிக்ட் இருந்தால், ஏற்கெனவே உள்ளே இருப்பவரும் வெளியாள் போலவே தெரிவார். பிஎச்பி அமைப்பில் யூஸ்_ஸ்ட்ரிக்ட்_மோட் இயல்பாக அணைந்திருக்கும்; அதை இயக்குங்கள். சர்வர் உருவாக்காத எண்ணை அது ஏற்காது.

மூன்றாவது, காலாவதி. ஜிசி_மேக்ஸ்லைஃப்டைம் 1440 நொடி, அதாவது 24 நிமிடம் என்று இருந்தாலும், அது துப்புரவுக்கான அளவே தவிர உறுதியான காலக்கெடு அல்ல. கடைசியாகச் செயல்பட்ட நேரத்தை செஷனிலேயே எழுதிவைத்து, நீங்களே ஒப்பிட்டு வெளியேற்றுங்கள். ஷேர்டு ஹோஸ்டிங்கில் செஷன் கோப்புகள் எல்லாத் தளங்களுக்கும் பொதுவான ஒரே கோப்புறையில் இருக்கக்கூடும். உங்களுக்கென்று தனிக் கோப்புறையை, இணையத்தில் திறக்காத இடத்தில் அமைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஒவ்வொரு பக்கத்திலும் காவல்

பாதுகாக்க வேண்டிய ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலும் ஒரே சரிபார்ப்புக் கோப்பைச் சேருங்கள். அதில் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும் ஹெடர் வரிக்கு அடுத்து எக்சிட் கட்டாயம் இருக்க வேண்டும். ஹெடர் என்பது பிரவுசருக்குச் சொல்லும் வேண்டுகோள் மட்டுமே. ஸ்கிரிப்ட் அங்கே நிற்பதில்லை. எக்சிட் இல்லையென்றால் உறுப்பினர் பட்டியல் முழுவதும் அந்தத் திருப்பிவிடும் பதிலோடு சேர்ந்தே அனுப்பப்படும். பிரவுசரில் தெரியாது, கர்ல் கருவியில் பார்த்தால் முழுப் பட்டியலும் வந்து விழும்.

உள்ளே நுழைந்தவர் யார் என்று தெரிந்தால் போதாது, எதைப் பார்க்கலாம் என்பதும் தெரிய வேண்டும். முகவரியில் மாணவர் எண் 41 என்று இருப்பதை 42 ஆக்கினால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பதிவு வருகிறதா என்று நீங்களே மாற்றிப் பாருங்கள். வினவலிலேயே 'இந்தப் பெற்றோரின் பிள்ளை' என்ற நிபந்தனையைச் சேர்ப்பதே சரியான வழி.

தரவை மாற்றும் ஒவ்வொரு படிவத்திலும், லாகின், லாக்அவுட் உட்பட, ரேண்டம்_பைட்ஸ் கொண்டு உருவாக்கிய சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை (வேறு தளம் பயனரின் பெயரில் படிவம் அனுப்புவதைத் தடுக்கும் ரகசியத் தொடரை) வைத்து ஹேஷ்_ஈக்வல்ஸ் மூலம் ஒப்பிடுங்கள்.

ஆறாம் படி: ஊகிப்பவரைத் தடுப்பது

தோல்வியுற்ற முயற்சிகளைக் கணக்குவாரியாகவும் ஐபி முகவரிவாரியாகவும் தனித்தனியே எண்ணுங்கள். கணக்குக்கு ஐந்து தோல்விகளுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டலாம். கணக்கை முழுமையாகப் பூட்டாதீர்கள். பூட்டினால், பொருளாளரின் மின்னஞ்சல் தெரிந்த எவரும் வேண்டுமென்றே தவறாகத் தட்டச்சு செய்து, தைப்பூசத்துக்கு முந்தைய நாள் அவரை வெளியே நிறுத்திவிடலாம். ஐபி வரம்பைத் தாராளமாக வையுங்கள். கைப்பேசி நெட்வொர்க்குகளில் பல வாடிக்கையாளர்கள் ஒரே ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்வதால், ஒருவர் செய்த பிழைக்கு நூறு பேர் தடுக்கப்படக் கூடாது.

நிர்வாகிகளுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். எஸ்எம்எஸ் வழியே அனுப்புவதை நான் தவிர்ப்பேன்: இன்னொருவர் பெயரில் சிம் மாற்றி வாங்கிக் கணக்கைச் சுருட்டும் மோசடி தென்னாப்பிரிக்காவில் நன்கு அறியப்பட்டது. 30 நொடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண் தரும் அதென்டிகேட்டர் செயலிகள் இலவசம், டேட்டாவும் தேவையில்லை.

ஏழாம் படி: கடவுச்சொல் மறந்தவர்கள்

மறந்தவருக்கு அவருடைய பழைய கடவுச்சொல்லை அனுப்ப முடிகிறது என்றால், உங்கள் சேமிப்பு முறையே தவறு. 32 பைட் ரேண்டம் டோக்கன் ஒன்றை உருவாக்கி, அதன் எஸ்எச்ஏ256 ஹேஷை மட்டும் தரவுத்தளத்தில் வைத்து, டோக்கனை மின்னஞ்சலில் அனுப்புங்கள். இங்கே வேகமான ஹேஷ் போதும், ஏனெனில் ஊகிக்க முடியாத அளவு நீளமானது டோக்கன். ஒருமுறை பயன்பட்டதும் அழித்துவிடுங்கள். 30 நிமிடத்துக்கு மேல் உயிரோடு வைக்காதீர்கள். மின்னஞ்சலில் போகும் இணைப்பின் தள முகவரியைக் கோரிக்கையின் ஹோஸ்ட் ஹெடரிலிருந்து எடுக்காமல், அமைப்புக் கோப்பில் நிலையாக எழுதிவையுங்கள். அந்த ஹெடரை அனுப்புபவர் மாற்றலாம், மாற்றினால் டோக்கன் அவருடைய தளத்துக்கே போய்ச்சேரும்.

நேரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பிஎச்பி உலகப் பொது நேரமான யூடிசி-யிலும் மைஎஸ்கியூஎல் நம் நேரத்திலும் இருந்தால், இடையே இரண்டு மணி நேர வித்தியாசம். எந்தப் பக்கத்திலிருந்து ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து, அரை மணி டோக்கன் பிறக்கும்போதே காலாவதியாகும், அல்லது இரண்டரை மணி நேரம் செல்லுபடியாகும். காலாவதி நேரத்தை யூடிசி-யில் கணக்கிட்டு யூடிசி-யிலேயே ஒப்பிடுங்கள்.

புதிய கடவுச்சொல் வைத்ததும் அந்தப் பயனரின் மற்ற செஷன்கள் அனைத்தையும் செல்லாததாக்குங்கள். பயனர் அட்டவணையில் ஒரு செஷன் பதிப்பு எண்ணை வைத்து, காவல் கோப்பில் ஒப்பிட்டால் இது ஒரே வரியில் முடிந்துவிடும்.

லாக்அவுட்டில் செஷன் மாறியைக் காலிசெய்து, குக்கீயை அழித்து, செஷன்_டெஸ்ட்ராய் அழையுங்கள். மூன்றில் ஒன்று மட்டும் போதாது.

வெளியிடும் முன் சோதிக்க வேண்டியவை

லாகின் செய்து, செஷன் குக்கீயின் மதிப்பைக் குறித்துக்கொண்டு, லாக்அவுட் செய்த பின் அதே மதிப்பை வேறொரு பிரவுசரில் வைத்துப் பாருங்கள். உள்ளே விடக் கூடாது. 'கொ' உள்ள ஒரு தமிழ்க் கடவுச்சொல்லை ஆண்ட்ராய்டில் பதிவுசெய்து கணினியில் நுழைந்து பாருங்கள். பயனர் எண்ணை மாற்றி, பொறுப்பை மாற்றி, காலாவதியான டோக்கனைக் கொடுத்துப் பாருங்கள். பிழைப் பதிவேட்டைத் திறந்து, எங்காவது கடவுச்சொல் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். போஸ்ட் தரவு முழுவதையும் பதிவுசெய்யும் ஒரு டீபக் வரி மறந்து கிடப்பது வழக்கம். பிழைச் செய்திகள் திரையில் தெரியாதபடி டிஸ்ப்ளே_எரர்ஸ் அணைந்திருக்கட்டும்.

கடைசியாக, இணையத்தில் திறக்கும் கோப்புறையில் தரவுத்தளத்தின் பேக்கப் கோப்போ, அமைப்புக் கோப்பின் பழைய நகலோ கிடக்கிறதா என்று பாருங்கள். தளத்தை ஒருவரிடமிருந்து இன்னொருவர் பொறுப்பேற்கும்போது இத்தகைய கோப்புகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. கிடைத்தால் அழித்துவிட்டு, அதில் இருந்த தரவுத்தளக் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிடுங்கள்.